கூப்பிடு தூரத்தில் பெல்லமி

மாலை வெயில் யூகலிப்டஸ் மரப் பட்டைகளைச் சிவப்பாக்குகிறது. ஆடுகளோடு எங்கள் மண்ணில் வந்து குடியேறிய வெள்ளைக்காரன் பெல்லமி, எங்கள் முகாமிலிருந்து கூப்பிடு தூரத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறான். வேற்றாள் வந்தால் எங்கள் வழக்கம் அப்படித்தான், அழைக்கும்வரை காத்திருக்க வேண்டும். அவன் வீட்டெதிரே நாங்கள் அப்படிக் காத்திருந்தபோதெல்லாம் திருட வந்தவர்கள் என்று துப்பாக்கியைத் தூக்கினான். எங்கள் ஊற்றையும் வேலி போட்டு அடைத்தான். முன்பெல்லாம் இங்கே வந்தால் குதிரையை எங்கள் அடுப்புவரை ஓட்டிவருவான். இன்று குதிரையும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. அந்த வேலியிலிருந்து அவனே பிடுங்கிவந்த இரண்டு கட்டைகள் அவன் முன்னால் ஈரமண்ணோடு கிடக்கின்றன. கங்காருத் தோல் போர்வையை இழுத்துவிட்டபடி வரிங்கா அக்கா சிரிக்கிறாள்: "அடியே, இவனுக்கு உக்காரக்கூடத் தெரியுமா! குதிரையோட ஒட்டிப் பொறந்தவன்னுல்ல நெனச்சேன்." "மூஞ்சியெல்லாம் ஈ மொய்க்குதுக்கா. கூப்பிட்டுருவமா?" என்கிறேன். "இருடி. நம்மள எம்புட்டு நேரம் உக்கார வச்சான்?" ஈயை விரட்டக்கூட அவன் கை எழவில்லை; பார்வை தரையிலேயே இருக்கிறது. மர நிழல் நீண்டு அவன் முழங்காலைத் தொடுகிறது. அக்கா எங்கள் தீயிலிருந்து எரியும் குச்சி ஒன்றை உருவி, ஊதிச் சிவக்கவைத்து, விருந்தாளிக்குத் தீ மூட்ட அவனை நோக்கி நடக்கிறாள். யாரும் சொல்லாமலே பெண்கள் மரத்தொட்டிகளை இடுப்பில் ஏந்தி ஊற்றுப் பக்கம் கிளம்புகிறார்கள்.