அந்த நீல வயர்

"இந்த வயரை வெட்டி விடுங்கோ பிள்ளை," என்றார் மெல்ரோய்.

கம்ப்யூட்டர் திருத்த வந்த நிரோஷினி, பலகைத் தடுப்புக்குள்ளால் போன நீல வயரைப் பார்த்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஸஜ்ஜாத். மூன்று மாதத்துக்கு முன்புவரை துறைமுக வீதியில் அவருக்கும் மெல்ரோய்க்கும் ஒரே ஃபோட்டோ ஸ்டூடியோதான்; பிறகு பிணங்கி, நடுவில் பலகை அடித்துக்கொண்டார்கள்.

"யோசிச்சுத்தான் சொல்லுறீங்களோ அண்ணை?"

"ஓம். அந்தாளின்ர தயவு எனக்கு வேண்டாம். பத்து வருசக் கலியாணப் படமெல்லாம் என்ர கம்ப்யூட்டருக்குள்ளதான் கிடக்கு. இஞ்ச பாருங்கோ, ஈ டிரைவ்!"

"வெட்ட முதல் கழற்றிப் பார்ப்பம்."

திறந்திருந்த படங்களை மூடிவிட்டு வயரை இழுத்தாள். ஈ டிரைவ் மறைந்தது.

"ஐயோ, படங்கள் எங்க?"

"ஸஜ்ஜாத் நானாட மேசைக்குக் கீழ. டிஸ்க் அங்க ஒரு பெட்டிக்குள்ள இருக்கு. இந்த வயரால உங்கட கம்ப்யூட்டர் அதைத் தன்ர சொந்த டிஸ்க் எண்டு நினைக்குது. ஐஸ்கஸி எண்டு சொல்லுறது. நீங்கள் சேர்ந்திருக்கேக்க நான்தானே பொருத்தித் தந்தனான்!"

"அப்ப அந்தாள் எல்லாத்தையும் பார்த்திருப்பாரே?"

"ஏலாது. உங்கட கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் அது திறக்கும்."

தடுப்புக்கு அப்பாலிருந்து ஸஜ்ஜாத்தின் குரல் வந்தது. "கரண்ட் நிண்டா ஜெனரேட்டர் போடுறதும் அந்தப் பெட்டிக்குத்தான் பிள்ளை. அது சூடாகக் கூடாதெண்டு இருக்கிற ஒரே ஃபேனையும் அதுக்குத்தான் திருப்பி வெச்சிருக்கன். மூணு மாசமா எனக்கு வேர்த்து ஊத்துது."

நிரோஷினி வயரை மறுபடி செருகினாள். மெல்ரோய் தன் மேசை ஃபேனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"பெட்டிக்கோ அண்ணை?"

"இல்லை. ஸஜ்ஜாத்துக்கு."