குறைத்து எழுதிய சம்பளம்

வேலை கேட்டு வருகிறவர்கள் பழைய சம்பளத்தை ஏற்றித்தான் எழுதுவார்கள். ஓசூர் சிப்காட்டில் ஹெச்.ஆர். வேலை பார்க்கும் சுசித்ராவுக்கு அது பழகிப்போன விஷயம். பழைய கம்பெனிக்கு ஒரு போன் போட்டால் குட்டு உடைந்துவிடும்.

ஆனால் குறைத்து எழுதிய ஆளை இன்றுதான் பார்க்கிறாள்.

எதிரே டெல்வின் உட்கார்ந்திருந்தான். நாட்றாம்பாளையத்துக்காரன். மெஷினை ஓட்டிக் காட்டும் டெஸ்டில் அவன்தான் முதல்.

"பழைய சம்பளம் பதினாலாயிரம்னு எழுதியிருக்கீங்க?"

"ஆமாங்க மேடம்."

"உங்க ஓனர் முனிராஜ்கிட்ட இப்பதான் பேசினேன். இருபதாயிரம் குடுத்தேங்கறாரு."

டெல்வின் திருதிருவென்று விழித்தான். "இல்லீங்க மேடம், பதினாலுதாங்க."

"சம்பளச் சீட்டு இருக்கா?"

"லேத் பட்டறையில ஏதுங்க மேடம் சீட்டு? கையிலதான் குடுப்பாரு."

வந்தது வம்பு. இரண்டு கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் ஆளை எடுக்கக்கூடாது என்பது கம்பெனி ரூல். அது டெல்வினுக்கும் தெரியும். முகம் சுண்டிப்போய்விட்டது.

"குழந்தை பொறந்திருக்குங்க மேடம். இந்த வேலையத்தான் நம்பியிருக்கேன்."

"வெளியில உட்காருங்க, கூப்பிடறேன்."

சுசித்ராவுக்கு முனிராஜ் மேல் எரிச்சலாக வந்தது. சம்பளத்தைக் குறைத்துச் சொல்லி இவனுக்கு என்ன லாபம்? பொய் சொல்வது ஓனர்தான். நல்ல ஆளை விட மனசில்லாத ஓனர்களின் தந்திரமெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒருத்தர் 'குடிகாரன்' என்பார். ஒருத்தர் 'கை சுத்தமில்லை' என்பார். இந்த முனிராஜ் புது தினுசாக இருக்கிறார்! இன்றைக்கு அவரை ஒரு பிடி பிடித்துவிடுவது என்று மறுபடி போன் போட்டாள்.

"ஏன் சார், பொய் சொல்லி டெல்வின் வேலையைக் கெடுக்கறீங்களே, நல்லாவா இருக்கு?"

முனிராஜ் தெலுங்கில் யாரையோ அதட்டி மெஷினை நிறுத்தச் சொன்னார். "நான் கெடுக்கறனா? அவன் எத்தினி எழுதியிருக்கான்மா?"

"பதினாலு."

அவர் தலையில் அடித்துக்கொண்டது போனிலேயே கேட்டது.

"இருபதுன்னு எழுதுடான்னு படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பினேன்மா! தலைய தலைய ஆட்டினான், கிறுக்குப் பய!"

"எதுக்கு சார் ஏத்தி எழுதணும்?"

"பழைய சம்பளத்துக்கு மேல கொஞ்சம் போட்டுத்தானே நீங்க குடுப்பீங்க? நான் குடுத்ததுக்கு மேல போட்டா அவனுக்கு என்னம்மா கெடைக்கும்?"

"இவ்வளவு அக்கறை இருந்தா நீங்களே வச்சுக்க வேண்டியதுதானே?"

"சுமாரா வேலை செய்யறவனா இருந்தா வச்சுப்பேன்மா." அவர் குரல் இறங்கியது. "இவன் வேலைக்கு ஏத்த சம்பளம் குடுக்க எனக்கு அவ்ளோ ஆர்டர் இல்ல. அவன் எழுதினது நான் குடுத்தது. நான் சொன்னது, அவனுக்குக் குடுத்திருக்க வேண்டியது. எது நியாயமோ நீயே பாத்துக்க தாயி."

சுசித்ராவுக்கு வெட்கமாகிவிட்டது. மனுஷனைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம்!

டெல்வினைக் கூப்பிட்டாள். அவன் கதவருகிலேயே தயங்கி நின்றான். அவள் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, விண்ணப்பத்தையும் பேனாவையும் அவன் பக்கம் தள்ளினாள்.

"சம்பளத்தைத் தப்பா எழுதியிருக்கீங்க டெல்வின். உங்க ஓனர் சொன்னதுதான் சரி. திருத்திக் குடுங்க."