கரையிலிருந்து வீசும் காற்று

மேசையில் அவனுடைய கைபேசி மூன்றாவது முறை அதிர்ந்தபோதுதான் அவள் எடுத்தாள்.

அவன் குளித்துக்கொண்டிருந்தான். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே சீழ்க்கை கேட்டது.

எட்டு மாதத்துக்குப் பிறகு, இந்த வாரம்தான் அவன் சீழ்க்கை அடிக்கிறான்.

“தயாளன் சாருங்களா?”

“அவர் குளிக்கிறார். நான் அவர் வொய்ஃப்தான். சொல்லுங்க.”

“நான் செபமாலை பேசுறேன் தாயி. ராமநாதபுரத்துக்கு அங்கிட்டு, கடக்கரையில இருந்து. சாருக்குத் தங்க குடிசை ஏற்பாடு பண்ணிட்டேன். ஆனா மனசு கேக்கல. அதான் கூப்பிட்டேன்.”

மேசையில் அவன் கையெழுத்தில் ஒரு தாள் கிடந்தது. புதன்கிழமை ரயில். அங்கிருந்து ஜீப். அதற்கப்புறம் மணலில் நாலு கிலோமீட்டர் நடை. கடைசி வரியில், போய்ச் சேரும் மணல்திட்டின் பெயர்கூட இல்லை, ஒரு சின்ன வட்டம் மட்டும்.

தனியாகப் போகிறேன், ரெண்டே நாள் என்று சொல்லியிருந்தான். அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பெரிய காற்றாடி இழுக்க, பலகையில் நின்றபடி கடல்மேல் சீறிப்போகும் கைட்சர்ஃபிங்தான் அவன் தொழில், அவன் மூச்சு. கார்த்திகைக்குப் பிறகு அவன் காற்றாடியைத் தொடவே இல்லை. இப்போது பையைத் தூசி தட்டுகிறான். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

“என்ன மனசு கேக்கல?”

“பக்கத்துலயே படகு நிறுத்துறேன்னு சொன்னேன். சார் வேண்டாம்னுட்டாரு.”

அவள் மேசையில் கிடந்த தாளைக் கையில் எடுத்தாள்.

“இது ஆடிக் கச்சான் காத்து தாயி. அந்தத் திட்டுல கரையில இருந்து கடலுக்கு அடிக்கும். ஒருக்கா வெளிய இழுத்துருச்சுன்னா, படகு இல்லாம திரும்ப முடியாது. சாருக்குத் தெரியலையோன்னு...”

“தெரியும்.”

பதினொரு வருடங்களுக்கு முன் ஈர மணலில் கடலைப் பார்த்து நிற்கவைத்து அவன் அவளுக்குச் சொல்லித்தந்த முதல் பாடமே அதுதான். முதுகுல காத்து பட்டா இறங்காத மஞ்சு. அது உன்னை எடுத்துக்கிட்டுப் போயிடும்.

அவனுடைய பயிற்சி முகாமுக்குக் கற்க வந்த கோகுல்நாத்துக்கும் அதைத்தான் சொல்லித்தந்தான். முப்பத்தொரு வயது, வங்கியில் வேலை, முகாமில் எல்லாரையும் சிரிக்கவைத்தவன். கார்த்திகையில் ஒருநாள் வகுப்பு முடிந்து தயாளன் சாப்பிடப் போன அரைமணி நேரத்தில், சொல்லாமல் கடலில் இறங்கினான். காற்று திசை மாறியிருந்தது.

மூன்றாம் நாள் உடலாகத்தான் கிடைத்தான்.

உங்கள் தவறு இல்லை என்று விசாரணையில் எழுதிக் கொடுத்தார்கள். தயாளன் அந்தத் தாளைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

“தாயி, லைன்ல இருக்கீங்களா?”

“படகை நிறுத்துங்கண்ணே. அவர் என்ன சொன்னாலும் நிறுத்துங்க.”



“சரி தாயி,” என்றார் செபமாலை. வேறெதுவும் கேட்கவில்லை.

தண்ணீர் நின்றது.

சீழ்க்கையும் நின்றது.

அவன் தலை துவட்டிக்கொண்டே வந்தான். அவள் கையில் தன் கைபேசியைப் பார்த்தான்.

“யாரு?”

“படகுக்காரர். செபமாலை.”

என்ன சொன்னார் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பாள்.

“காத்து எந்தப் பக்கம் அடிக்கும்னு தெரிஞ்சுதானே போற?”

அவன் துண்டை மடித்தான். மறுபடி பிரித்தான்.

“தெரியும்.”

திட்டலாம். அழலாம். காலைப் பிடிக்கலாம். அவள் எதையும் செய்யவில்லை. சுவரோரம் இருந்த பையைத் தரதரவென்று இழுத்துவந்து கூடத்தின் நடுவில் கவிழ்த்தாள். காற்றாடிகள், பம்ப், கயிற்றுச் சுருள்கள். அடியில் அவளுடைய பழைய ஹார்னஸ். காற்றாடியின் கயிறுகள் மாட்டும் அந்தத் தடித்த இடுப்புப்பட்டையை நைட்டிக்கு மேலேயே சுற்றினாள்.

“என்ன பண்ற?”

“நானும் வர்றேன். நானும் இறங்குறேன்.”

“பைத்தியமா உனக்கு? நீ கடல்ல இறங்கி நாலு வருஷமாச்சு.”

“பரவால்ல. ஒரே காத்துதானே. ஒரே பக்கம்தானே இழுக்கும்.”

கொக்கி மாட்டவில்லை. இரண்டு முறை நழுவி, மூன்றாம் முறை நகம் பெயர்ந்தது. அவள் விடவில்லை.



அவன் வந்து அவள் முன்னால் மண்டியிட்டான். விரல்கள் தாமாகவே வாரைத் தேடிப் பிடித்தன. கொக்கியை மாட்டி, வாரை இழுத்து, பட்டைக்கும் இடுப்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைத்து இறுக்கம் பார்த்தான். யாரைத் தண்ணீருக்கு அனுப்பும்போதும் அப்படித்தான் பார்ப்பான்.

இன்னொரு முறை பார்த்தான்.

இன்னொரு முறை.

அந்தக் கையை அவனால் எடுக்க முடியவில்லை. நெற்றி அவள் வயிற்றில் முட்டியது. தோள்கள் குலுங்கின. சத்தமே வரவில்லை. அவனுடைய ஈரத் தலைமேல் அவள் கை வைத்தாள்.

தெருவில் கீரைக்காரியின் குரல் நெருங்கி வந்து, கடந்து, தேய்ந்து போனது.

“மஞ்சு.”

“ம்.”

“காத்து எப்ப கரைப் பக்கம் திரும்பும்னு அவர்கிட்ட கேட்டியா?”

“கேக்கல.”

கைபேசியை நீட்டினாள். அவன் வாங்கினான். தரையில் உட்கார்ந்தபடியே செபமாலையின் எண்ணைத் தொட்டான்.

ஒரே மணியில் எடுத்துவிட்டார்.

அவன் வாய் திறந்தான். குரல் எழும்பவில்லை.

“சொல்லுங்க சார்,” என்றார் செபமாலை. “நான் இங்கனதான் இருக்கேன். மெதுவா சொல்லுங்க.”