வலது பக்கத்துப் பட்டன்

"விசாவை கேன்சல் பண்ணிருவாங்களாம்மா?"

அமீரகத்தின் புஜைரா எண்ணெய்க் கிடங்கில், மேனேஜர் அறை வாசலில் உட்கார்ந்திருந்த பாண்டித்துரை கேட்டான். பக்கத்து நாற்காலிப் பெண், பெயர் அருணா என்று மட்டும் சொன்னவள், தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"முதல்ல குடிங்கண்ணே. என்னதான் நடந்துச்சு?"

"டேங்க் நிறையப் போகுதுன்னு வால்வை மூடப் போனேன்மா. க்ளோஸ் பட்டன் எப்பவும் வலது பக்கம்தான். பார்க்காமலே கை போயிரும். முந்தின டியூட்டி எகிப்துக்காரரு ஸ்கிரீனை அரபியில விட்டுட்டுப் போயிட்டாரு. அரபிக்கு மாத்தினா இடது பக்கத்துல இருக்கிறதெல்லாம் வலது பக்கம் வந்துருது. நான் அமுக்கினது ஓபன். டீசல் பொங்கி ரோடு வரைக்கும் ஓடிருச்சு. ஒரே ஒரு பொறி விழுந்திருந்தா, நாங்க தங்குற கேம்ப்ல ஒருத்தன் மிஞ்சியிருக்க மாட்டான்."

அருணாவின் முகம் வெளிறியது.

"நீ ஏம்மா பயப்படுற? தப்புப் பண்ணது நானு."

அவள் மேனேஜர் அறைக் கதவையே பார்த்தாள்.

கதவு திறந்தது. "பட்டனை அமுக்கினது யாரு?" என்று மேனேஜர் ஹிந்தியில் கேட்டார்.

பாண்டித்துரை எழுந்தான். "நான்தான் சார்."

"கலாஸ், உன் விஷயம் முடிஞ்சுது. நீ டியூட்டிக்குப் போ. தினமும் அமுக்குற இடத்துலதானே அமுக்கியிருக்கே."

அவர் அருணாவின் பக்கம் திரும்பினார்.

"அந்த ஸ்கிரீனை டிசைன் பண்ணின என்ஜினீயர் நீங்கதானே? உள்ளே வாங்க."

அருணா நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள்.

பாண்டித்துரை பாட்டிலை அவளிடமே நீட்டினான். அதில் ஒரு வாய்த் தண்ணீர்தான் மிச்சமிருந்தது.