நான்காவது குழு

விசைப்படகுச் சங்க அலுவலகத்தின் திரையில் படகுகள் மூன்று குழுக்களாக இருந்தன: கரையில் நிற்பவை, கடலில் இருப்பவை, காணாமல் போனவை. ஒவ்வொரு படகிலும் பொருத்திய கருவியை மென்பொருள் மணிக்கொரு முறை கூப்பிடும். மூன்றாவது குழுவில் உள்ளவற்றை மட்டும் கூப்பிடாது. அமலோற்பவத்தின் கணவர் போன படகு பதினாறு நாளாகப் பதில் தரவில்லை. விதிப்படி இன்று அதை மூன்றாவது குழுவுக்கு மாற்ற வேண்டும். அலுவலக எழுத்தர் கிளாட்வின் மவுஸைத் திரையில் அந்தப் படகின் மேல் கொண்டுபோனபோது அவள் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

“அங்க தள்ளிட்டா கூப்பிடாதாமே, தம்பி?”

“ஆமாக்கா.”

“அப்ப வேற ஒண்ணு போடு.”

அவன் புதிதாக ஒரு குழுவைத் திறந்தான். பெயர் இல்லாமல் மென்பொருள் அதை ஏற்கவில்லை.

“என்னன்னு போட?”

“வந்துக்கிட்டு இருக்குன்னு போடு.”

போட்டான். அந்தக் குழுவில் ஒரே படகு. மென்பொருள் மணிக்கொரு முறை அதைக் கூப்பிட்டது. பதில் இல்லை என்று குறித்துக்கொண்டது.

மறுநாள் காலை அவன் அலுவலகத்தைத் திறக்க வந்தபோது வாசற்படியில் ஏழு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரிலும் மூத்தவள் எழுந்து, படகின் பெயர் எழுதிய சீட்டை நீட்டினாள்.

“எங்க படகு போனப்ப இந்த மிஷினெல்லாம் கிடையாது. பேரை மட்டும் சேத்துக்கய்யா.”