பின் கதவில் கொஞ்சம் துரு

பெண்டாட்டியை மலையிலிருக்கிற தாய்வீட்டுக்கு விரட்டிவிட்டு, ஓடாத வண்டியை ஒரு மனுஷன் இப்படியா கொஞ்சுவான்! மதில்மேல் மோவாயை வைத்துக்கொண்டு பார்த்தாள் செந்தமிழ்ச்செல்வி. தியாகதுருகத்தில் அந்தத் தெருவுக்குச் செய்தி ஒலிபரப்புவது அவள்தான். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த காசிநாதனைப் பற்றி மட்டும் உருப்படியாக ஒன்றும் கிடைக்காமல் அவளுக்குச் சோறே இறங்கவில்லை.

காசிநாதன் கம்பி பிரஷ்ஷால் பழைய அம்பாசடரின் மட்கார்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான். வாசலெங்கும் செம்பொடி. வண்டி வந்த அன்று, முன்கண்ணாடியில் வெள்ளை பெயிண்டில் சாய்கோடும் வருஷமுமாகக் கொட்டையாக எழுதியிருந்த எண்ணைத்தான் அவன் முதலில் சுரண்டினான். பழைய வண்டிக் கடையில் போட்ட எண் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள்.

"இன்னா தம்பி, இதத் தேய்க்கிற நேரத்துல மலைக்குப் போயி சம்சாரத்தக் கூட்டியாந்திருக்கலாமில்ல?"

"வண்டி வந்தாதான் நானும் வருவேன்னுட்டாக்கா."

"அடேங்கப்பா! வெள்ளிமலையில ஜீப்புல தொங்கிக்கினு போறவளுக்குக் காரு கேக்குதா?"

"வெள்ளிக்கிழம வரேன்னிருக்கா. அதுக்குள்ள முடிக்கணும். இந்த வாட்டி தவறுனா அப்புறம் வரவே மாட்டா."

"புள்ளைங்க?"

பிரஷ் இன்னும் வேகமாகப் போயிற்று. மத்தியானத்துக்குள் குழாயடிக்குச் செய்தி போய்விட்டது: மலைக்காரி, பிள்ளை இல்லை, கார்ப் பைத்தியம்.

வியாழக்கிழமை பார்த்தால் வண்டி ஆளே மாறியிருந்தது. நசுங்கிய பக்கத்தைத் தட்டி நிமிர்த்தி, ஓட்டைகளுக்குத் தகடு வைத்து, பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்திருந்தான். திறந்திருந்த பின் கதவின் உள்பக்கத்தில் மட்டும் கையகலத்துக்குக்கூட இல்லாத ஒரு பழுப்பை விட்டு வைத்திருந்தான். அதைச் சுற்றி, கோலம் போடுகிறவள் புள்ளியைத் தொடாமல் கோடிழுப்பதுபோல, அவ்வளவு பதமாகச் சுரண்டியிருந்தான்.

"அங்க கொஞ்சம் துரு நிக்குது பாரு தம்பி."

"அது இருக்கட்டும்க்கா."

"வுட்டா கதவையே தின்னுடும்."

"அங்க துரு வராமதான் பாத்துக்கினு இருக்கேன்."

இது என்ன பேச்சு என்று அவளுக்கு விளங்கவில்லை. கைவலிக்குச் சாக்கு என்று எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு மதிலோரம் வந்து நின்றான். "கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுல அவ வந்து எறங்குறாக்கா. போயி கூட்டியாந்துடறேன். ஆடு கீடு வந்து ஒரசாம வண்டியக் கொஞ்சம் பாத்துக்குங்க." அவன் பல் தெரியச் சிரித்து அன்றுதான் பார்த்தாள்.

அந்தச் சிரிப்பு, குழாயடி வரைக்கும் பேசிய அவள் வாயையே கொஞ்சம் உறுத்தியது. காருக்காக வருகிறவள் கண்ணில் அந்தத் துரு பட்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பி மலையேறிவிட்டால் இவன் கதி என்ன? இவனுக்குத்தான் உடம்பு வணங்கவில்லை, நாமே முடித்துவிடுவோம் என்று கிளம்பினாள்.

குத்துவிளக்கு விளக்குகிற பழம்புளியையும் கல்லுப்பையும் கரைத்து, தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு பின் கதவைத் திறந்தாள். துரு என்றால் சொரசொரக்கும், மல்லுக்கட்டும். இது ரெண்டு இழுப்பில் செந்நீராய்க் குழைந்து ஓடிவிட்டது. இதற்கா இத்தனை சோம்பேறித்தனம் என்று ஈரத்துணியால் துடைத்து, தள்ளி நின்றும் ஒருமுறை அழகு பார்த்தாள்.

வெயில் ஏறியதும் ஆட்டோ வந்து நின்றது. பவுடரும் பட்டுமாக ஒருத்தி இறங்குவாள் என்று செந்தமிழ்ச்செல்வி காத்திருந்தாள். இறங்கியது கழுத்தெலும்பு துருத்திய ஒரு பெண், சுபலட்சுமி. வீட்டை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் காருக்குப் போனாள்.

பார்த்தாயா, நான் சொன்னது சரிதானே என்று செந்தமிழ்ச்செல்வி தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டாள்.

சுபலட்சுமி பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையைக் கொண்டுபோய்த் தகட்டில் வைத்தாள். உடனே கண் திறந்துவிட்டது. விரல்கள் மேலே தடவின, கீழே தடவின, மறுபடி மேலே போயின.

காசிநாதன் ஜன்னல் வழியே குனிந்தான். கையிலிருந்த பை கீழே விழுந்தது தெரியாமல் அப்படியே நின்றான்.

பாராட்டு வாங்காமல் வீட்டுக்குப் போகிற பழக்கம் செந்தமிழ்ச்செல்விக்குக் கிடையாது. "தம்பிய வையாதம்மா, அத நாந்தான் தேச்சி வுட்டேன். இனிமே ஒரு பொட்டு துரு இருக்குதா பாரேன்!"

சுபலட்சுமி அவள் பக்கம் திரும்பவே இல்லை. கதவுத் தகட்டிலிருந்து கையை எடுக்காமல் புருஷனைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏங்க, நம்ம பாப்பா கை இங்கதான இருந்துச்சி?"