அடிப்பூச்சு

காலை பதினொன்று பத்துக்கு லூர்து தன் பட்டறையில் அந்தக் காருக்கு அடிப்பூச்சான சீலரை அடித்து முடித்தான். பழைய பச்சையும், நசுங்கிய முகப்பில் பூசிய பட்டியும் ஒரே சாம்பல் நிறமாயின. ஒரு மணி நேரத்துக்குள் மேலே வெள்ளை அடித்துவிட வேண்டும். தவறினால் உப்புத்தாள் போட வேண்டும். தேய்த்தால் பச்சை எட்டிப்பார்க்கும்.

கார் அவனுடைய அக்கா கணவருடையது. “நாய் குறுக்க வந்துருச்சு மாப்ள. வெள்ளைன்னா உங்கக்காவுக்கும் பிடிக்கும்” என்று சொல்லி வண்டியை விட்டுப் போயிருந்தார்.

லூர்து வெள்ளையைக் கலக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். பைபாஸில் தன் கணவனை அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போன வண்டியைத் தேடி, ஒன்பது நாளாகப் பட்டறை பட்டறையாக ஏறி இறங்குபவள். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, சாலையில் பொறுக்கிய பச்சைச் சில்லு ஒன்றைக் காட்டினாள். பிறகு காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

“அண்ணே, இது முன்னாடி என்ன கலருண்ணே?”